16 வயதில் உயரம்: மாவு டின்னா, ஊசியா, பொறுத்திருப்பதா?

என் தங்கை மகனுக்கு 16 வயது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் படிவம் நான்கு படிக்கிறான். படிவம் இரண்டில் தைத்த பச்சைக் கால்சட்டையைத்தான் இன்றும் போட்டுக்கொண்டு போகிறான். வளர்கிற பிள்ளை என்று டவுன் தையல்காரர் அடியில் நான்கு விரல் அளவு மடித்துத் தைத்திருந்தார். இரண்டு வருஷத்தில் அந்த மடிப்பை ஒரே ஒரு தடவைதான் பிரித்திருக்கிறோம். தமிழ்ப்பள்ளியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்த பையன்கள் இன்று என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டார்கள். இவன் மட்டும் சபைக்கூடலில் முதல் வரிசையிலேயே நிற்கிறான்.

போன மாதம் தங்கை போன் பண்ணினாள். "அண்ணே, ஆன்லைன்ல ஒரு மாவு பார்த்தேன். மூணு டின்னா வாங்கினா 420 வெள்ளியாம். மூணு மாசத்துல அஞ்சு சென்டிமீட்டர் வளரும்னு போட்டிருக்கு. வாங்கட்டுமா?"

மச்சான் செம்பனை ஆலையில் வேலை செய்கிறார். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்தக் கணக்கில் 420 வெள்ளி ஒரு வார உழைப்பு. வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. மாவு வேண்டாம் என்றால் வேறு என்ன செய்வது என்று சொல்ல வேண்டும் அல்லவா?

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். பழைய மாணவர்களின் பெற்றோர் இதே கேள்வியோடு வருவது எனக்குப் புதிதில்லை. அதே வாரம் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் 17 வயதுப் பெண்ணின் அம்மாவும் கேட்டார். அவர் ஏற்கெனவே ஐந்து டின் வாங்கி முடித்துவிட்டார். பெண்ணுக்கு 151 சென்டிமீட்டர், பையனுக்கு 154. இரண்டு பேருக்கும் ஒரே கவலை, ஒரே விளம்பரம். ஆனால் இரண்டு பேருக்கும் செய்ய வேண்டியது முற்றிலும் வேறு என்பது பிறகு தெரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

தட்டு திறந்திருக்கிறதா?

நம் கை கால்களில் உள்ள நீள எலும்புகளின் முனைக்குப் பக்கத்தில் குருத்தெலும்பால் ஆன மெல்லிய தட்டு ஒன்று இருக்கிறது. வளர்ச்சித் தட்டு என்று சொல்வார்கள். புது எலும்பு அங்கேதான் உண்டாகி எலும்பு நீள்கிறது. பருவம் முற்றும்போது ஈஸ்ட்ரோஜன் அந்தத் தட்டை மெல்ல மெல்ல எலும்பாக்கி மூடிவிடுகிறது. ஆண் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். அவர்கள் உடம்பு டெஸ்டோஸ்டிரோனிலிருந்து கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனைச் செய்துகொள்கிறது. பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 14 முதல் 16 வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைகளுக்கு 16 முதல் 18 வயதுக்குள்ளும் தட்டு மூடும். ஆளுக்கு ஆள் ஓரிரு வருஷம் முன்னே பின்னே ஆகும்.

மூடிய தட்டை மாவோ மாத்திரையோ ஊசியோ திறக்க முடியாது. திறந்த தட்டு இருந்தால் பல வழிகள் இருக்கின்றன, ஆனால் நாள் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆகவே எதை வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் தட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். அதைக் காட்டுவது இடது கைக்கு எடுக்கும் ஒரு எக்ஸ்ரே. தங்கையிடம் நான் சொன்னதும் இதைத்தான்: "மாவை அப்புறம் பார்ப்போம்மா. முதல்ல கிளினிக்குப் போவோம்."

மாவும் ஜாமுவும்

இருந்தாலும் மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கிளினிக்குப் போவதற்கு முன்பே கை அதற்குத்தான் நீள்கிறது. அந்தப் பெண் வீட்டு டின்னை வாங்கி லேபிளைப் படித்தேன். பால்மாவு, சோயா புரதம், சர்க்கரை, கால்சியம், துத்தநாகம், கொலாஜன். எல்லாம் சாப்பாட்டுப் பொருள். ஒழுங்காகச் சாப்பிடாத பிள்ளைக்கு இதனால் உடம்புக்குக் கொஞ்சம் தெம்பு வரும். நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளைக்குக் கூடுதல் உயரம் எதுவும் தராது. விளம்பரத்தில் வரும் 'முன்பு, பின்பு' படங்களில் 13, 14 வயதுப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அந்த வயதில் ஆண் பிள்ளைகள் உச்ச வேகத்தில் வருஷத்துக்கு 9, 10 சென்டிமீட்டர்கூட வளர்வார்கள். டின் இல்லாவிட்டாலும் வளர்ந்திருப்பார்கள்.

மருந்தாகவோ சத்து மாத்திரையாகவோ விற்பவை என்றால் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணின் கடைசியில் 'என்' என்ற எழுத்து இருந்தால் அது சத்துத் துணைப்பொருள், 'டி' என்றால் பாரம்பரிய மருந்து. தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். எண் இருப்பதால் உயரம் கூடும் என்று அரசாங்கம் உத்தரவாதம் தந்ததாக ஆகாது. ஆனால் எண் இல்லாததைத் தொடவே கூடாது.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜாமு என்பது மலாய்ப் பாரம்பரிய மூலிகை மருந்து. பதிவில்லாத சில ஜாமுக்களில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பல தடவை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அதைச் சாப்பிட்டால் பசி எடுக்கும், கன்னம் உருண்டு வரும், எடை ஏறும். 'பிள்ளை தேறிட்டான்' என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். உள்ளே அந்த ஸ்டீராய்டு வளர்ச்சியையே அமுக்கிக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் மீதியை டாக்டரிடம் எடுத்துப் போய்க் காட்டி, அவர் சொல்கிறபடிதான் நிறுத்த வேண்டும். ஜிம்மில் உடம்பு ஏற்றுவதற்காக விற்கும் அனபாலிக் ஸ்டீராய்டு வேறு வகை. அது தட்டைச் சீக்கிரமே மூடிவிடும். உயரத்துக்காக ஏங்கும் பையனுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

கம்பியில் தொங்குவது, கயிறு தாண்டுவது, நீச்சல், கூடைப்பந்து: செய்யட்டும், நல்லது. தொங்கினால் முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டுகள் கொஞ்சம் விரிந்து சிறிது உயரம் கூடினாற்போல இருக்கும். நடந்து திரிந்தால் போய்விடும். காலையில் அளந்தால் மாலையைவிட ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கூடுதலாக இருப்பதும் இதனால்தான். எனவே வீட்டில் அளப்பவர்கள் எப்போதும் ஒரே நேரத்தில், செருப்பில்லாமல், குதிகாலைச் சுவரோடு ஒட்டி வைத்து அளக்க வேண்டும்.

கிளினிக்கில் என்ன நடக்கும்

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். செலவு ஒரு தடையே இல்லை. வெட்கமும், 'குள்ளமா இருக்கறது ஒரு நோயா, இதுக்கெல்லாமா டாக்டர்ட்ட போறது' என்ற பேச்சும்தான் தடை.

கையை வீசிக்கொண்டு போகாதீர்கள். பள்ளியில் செகாக் உடற்தகுதிச் சோதனை வருஷத்துக்கு இரண்டு தடவை நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் உயரத்தையும் எடையையும் எழுதி வைக்கிறார்கள். உடற்கல்வி ஆசிரியரைக் கேட்டால் பழைய அளவுகளைத் தருவார். எங்கள் பையனுக்குக் கிடைத்தது இது: படிவம் இரண்டில் 149, படிவம் மூன்றில் முதலில் 150.5, பிறகு 152, படிவம் நான்கில் 154. டாக்டர் அம்மா அவனைப் பார்ப்பதற்கு முன் அந்தத் தாளைத்தான் பார்த்தார். இன்றைய உயரத்தைவிட ஆறு மாதத்தில் எவ்வளவு ஏறியது என்பது அவர்களுக்கு அதிகம் சொல்கிறது. மெதுவாக, ஆனால் நிற்காமல் ஏறியிருந்தது.

அடுத்து அப்பா அம்மா உயரம். ஆண் பிள்ளைக்கு இரண்டையும் கூட்டி, 13 சேர்த்து, பாதியாக்க வேண்டும். பெண் பிள்ளைக்கு 13 கழித்து, பாதியாக்க வேண்டும். மச்சான் 165, தங்கை 152. கணக்குப்படி பையனுக்கு 165. அதிலிருந்து எட்டு, எட்டரை சென்டிமீட்டர் மேலேயோ கீழேயோ போகலாம்.

இந்தக் கணக்கில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பெற்றோர் தங்களுக்குரிய உயரத்தை முழுசாக எட்டியவர்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது. பால்மரத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் காலை வரக்காப்பியும் பகலில் சோறும் கருவாடுமாக வளர்ந்தவர்கள் எல்லாரும் அப்படி எட்டினார்களா? என் அம்மா 147 சென்டிமீட்டர்தான். 'நம்ம பரம்பரையே குட்டை' என்று நாம் சொல்வதில் பரம்பரை எவ்வளவு, பசி எவ்வளவு என்று யார் பிரித்துப் பார்த்தார்கள்? 2019 தேசிய சுகாதார ஆய்வில்கூட ஐந்து வயதுக்குட்பட்ட மலேசியப் பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்களாக இருந்தார்கள். ஆகவே கணக்கு காட்டும் எண் குறைவாக இருந்தால் 'பரம்பரை' என்று அதோடு விட்டுவிடாமல் எக்ஸ்ரே வரைக்கும் போங்கள்.

பிறகு உடம்பைப் பார்ப்பார்கள். இதைப் பையனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், நம் வீடுகளில் யாரும் வாய் திறப்பதில்லை. பருவம் தொடங்கிவிட்டதா என்று அறிய விந்தகங்களின் அளவைப் பார்ப்பார்கள். கோத்த மணிகள் மாதிரி ஒரு கருவி வைத்து ஒப்பிடுவார்கள். அம்மா வெளியே உட்காரலாம். மருமகனை முந்தின ராத்திரி மோட்டாரில் உட்கார்த்தி வைத்துச் சொன்னேன். "கூச்சமா இருக்கும்டா, ரெண்டு நிமிஷ வேலை." "நீங்க உள்ள வருவீங்களா மாமா?" என்று கேட்டான். போனேன். 14 வயதாகியும் ஆண் பிள்ளைக்குப் பருவ மாற்றம் தொடங்கவில்லை என்றால், 13 வயதாகியும் பெண் பிள்ளைக்கு மார்பு வளரவில்லை என்றால், 15 ஆகியும் பெரிய பிள்ளையாகவில்லை என்றால், கட்டாயம் காட்ட வேண்டும். குட்டையாக இருந்து பருவமும் தாமதமாகும் பெண்களில் சிலருக்கு டர்னர் என்ற குரோமோசோம் குறைபாடு இருக்கும். ரத்தச் சோதனையில் அது தெரியும். எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ அவ்வளவு நல்லது. தைராய்டு, சிறுநீரகம், ரத்தசோகை எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுப்பார்கள். ஓயாத தலைவலி, பார்வை மங்கல், அடங்காத தாகம், எடை இறங்குவது, இதில் ஏதாவது சேர்ந்திருந்தால் நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.

எக்ஸ்ரே எல்லாக் கிளினிக்கிலும் இருக்காது. ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவார்கள். எழுதாவிட்டால் நீங்களே கேளுங்கள். மலாயில் 'உமுர் துலாங்' பார்க்க வேண்டும் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள், எலும்பின் வயது என்று அர்த்தம். ஒரு கைக்கு மட்டும், மிகச் சிறிய அளவுக் கதிர்வீச்சு.

அந்தப் படத்தை நான் மறக்க மாட்டேன். திரையில் அவன் இடது கை வெள்ளையாக விரிந்திருந்தது. ஒவ்வொரு விரல் எலும்பின் அடியிலும் ஒரு சின்ன மூடி தனியாக மிதப்பது மாதிரி இருந்தது. எலும்புக்கும் மூடிக்கும் நடுவே கறுப்பாக ஒரு கோடு. "இந்தக் கறுப்புதான் குருத்தெலும்பு, இன்னும் திறந்திருக்கு" என்று டாக்டர் அம்மா பேனா முனையால் காட்டினார். அவனுக்கு வயது 16, அவன் கைக்கு 13½. மச்சானின் அம்மாவிடம் கேட்டபோது, "அவனும் அப்படித்தாம்ப்பா, வேலைக்குப் போன பிறகுதான் சட்டுனு வளந்தான்" என்றார். குடும்பத்தில் ஓடும் தாமதப் பருவம். இந்தப் பிள்ளைகளுக்குப் பருவம் வரும் முன் வளர்ச்சி இன்னும் மெதுவாவது உண்டு. கால்சட்டை மடிப்பு பிரியாமல் இருந்ததும் அதனால்தான்.

திறந்திருந்தால் எந்த வழி

எங்கள் பையனைப் போல, வேறு நோய் இல்லாமல் வெறும் தாமதமாக இருந்தால் இரண்டு வழி. ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அளந்துகொண்டு பொறுத்திருப்பது. இன்னொன்று, சில மாதங்களுக்குக் குறைந்த அளவு டெஸ்டோஸ்டிரோன் ஊசி. மாதம் ஒன்று என்ற கணக்கில் மூன்று முதல் ஆறு மாதம் போடுவார்கள். பருவத்தைத் தட்டி எழுப்பிவிடுவதற்கு. இதை நிபுணர்தான் தீர்மானிக்க வேண்டும், அளவு மிஞ்சினால் தட்டு சீக்கிரம் மூடிவிடும். கடைசி உயரத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பையனின் மனசுக்குத்தான் வித்தியாசம். பள்ளிக்குப் போகவே மறுக்கிற அளவுக்குக் கேலியில் நொந்துபோனவன் என்றால் ஊசியைப் பற்றி நிபுணரிடம் பேசலாம் என்பேன். எங்கள் பையன் காத்திருக்கிறேன் என்றான். அவன் முடிவையே எடுத்துக்கொண்டோம்.

வளர்ச்சி ஹார்மோன் ஊசியை நம் ஆட்கள் 'ஹைட் ஊசி' என்று பேசிக்கொள்கிறார்கள். அந்த ஹார்மோன் சுரக்காத பிள்ளைக்கு, டர்னர் உள்ள பெண்ணுக்கு, சிறுநீரக நோயால் வளராத பிள்ளைக்கு அது உண்மையான மருந்து. சின்ன வயதிலேயே தொடங்கினால் வாழ்க்கையையே மாற்றும். ஹார்மோன் சரியாக இருந்து சும்மா குட்டையாக இருக்கும் பிள்ளைக்கு, பல வருஷம் போட்டும் சராசரியாக ஐந்து சென்டிமீட்டர் அளவில்தான் கூடுகிறது. பெரும்பாலும் தினமும் ஊசி, சொந்தக் காசில் என்றால் மாதம் ஆயிரக்கணக்கில் செலவு. 16, 17 வயதில் மிச்சம் இருக்கும் கொஞ்ச காலத்துக்கு அந்தச் செலவை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். குறைபாடு உண்டு என்று சோதனையில் தெரிந்தால் மட்டும், தாமதிக்காமல், அரசாங்க ஆஸ்பத்திரி நிபுணர் வழியாகப் போங்கள். நிபுணரைப் பார்க்க நாள் கிடைக்கச் சில மாதம்கூட ஆகலாம். அதனால்தான் 'எஸ்.பி.எம். முடியட்டும்' என்று படிவம் ஐந்து பரீட்சையைச் சொல்லி ஒத்திப்போடாதீர்கள் என்கிறேன். பரீட்சை முடியும்போது தட்டும் மூடியிருக்கலாம்.

காலை நீட்டும் அறுவை சிகிச்சை பற்றியும் ஒருவர் கேட்டார். சோவியத் மருத்துவர் இலிசாரோவ் 1950-களில் முறிந்த, கோணிய எலும்புகளைச் சரிசெய்ய உருவாக்கிய முறை அது. எலும்பை வெட்டி நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் விலக்குவார்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு ஐம்பது நாள் நீட்ட வேண்டும், அப்புறம் எலும்பு கெட்டிப்பட மாதக்கணக்கு. கிருமித் தொற்று, நரம்புப் பாதிப்பு, விறைத்துப்போன மூட்டு எல்லாம் வரலாம். நல்ல காலை உயரத்துக்காக வெட்டுவது வேண்டவே வேண்டாம்.

சாப்பாடும் தூக்கமும்

தட்டு திறந்த பிள்ளைக்கு அந்த 420 வெள்ளியை அடுப்படியில் செலவு செய்யுங்கள். இந்த வயதுக்கு நாளைக்கு 1,300 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது மலேசியப் பரிந்துரை. ஒரு குவளைப் பால் ஏறத்தாழ 300 தரும். தே தாரிக் என்னும் இழுத்த பால் தேநீர் அந்தக் கணக்கில் வராது, அதில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரை. முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, தௌஃபு, தெம்பே, கேழ்வரகு, லயத்துப் பின்னால் சும்மா நிற்கும் முருங்கை, இவையெல்லாம் டின்னைவிட மலிவு. தினமும் முட்டையோ மீனோ கோழியோ இருக்கட்டும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சரியாக ஒட்டாது; ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம்.

தூக்கம் எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில்தான். தோட்டத்துப் பிள்ளை ஆறு மணிப் பேருந்தைப் பிடிக்க 5:15-க்கு எழுந்தால் ஒன்பது மணிக்கே படுக்க வேண்டும். எங்கள் பையன் ஒரு மணி வரை போனில் விளையாடிக்கொண்டிருந்தான். இப்போது போன் ராத்திரியில் தங்கையின் தலைமாட்டில் இருக்கிறது.

அந்த 17 வயதுப் பெண்ணின் எக்ஸ்ரே படத்தில் கறுப்புக் கோடு இல்லை. எலும்பும் மூடியும் ஒன்றாகிவிட்டிருந்தன. அவள் 12 வயதில் பெரிய பிள்ளையானவள். அதற்குப் பிறகு பெண் பிள்ளைகள் சாதாரணமாக ஐந்திலிருந்து ஏழு சென்டிமீட்டர்தான் வளர்வார்கள், அதை அவள் எப்போதோ வளர்ந்து முடித்துவிட்டாள். ரத்தச் சோதனையில் எந்தக் குறையும் இல்லை. போலீஸில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை, அங்கே குறைந்தபட்ச உயரம் கேட்கிறார்கள். "அப்போ இனிமே ஒண்ணுமே இல்லையா சார்?" என்று கேட்டாள். உயரத்துக்கு இல்லைம்மா என்று நேராகவே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். மறுவாரம் வந்து, சட்டம் படிக்க ஆறாம் படிவத்தில் என்ன பாடம் எடுக்க வேண்டும் என்று கேட்டாள். உட்கார்ந்து இரண்டு பேரும் பட்டியல் போட்டோம். எஸ்.பி.எம்.முக்கு இன்னும் நாள் இருக்கிறது. அவள் அம்மா ஆறாவது டின் வாங்கவில்லை.